பாடாங் தெம்பாக் பஸ் தரிப்பில் ஒரு சென்றி

1

என் மகள் தேவிஷா ஒரு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "ம்", "இல்ல", "தெர்ல" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டில் சீவியம் நடந்தது. பதின்மூன்று வயது. இந்த ஆண்டுதான் இடைநிலைப்பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அந்த வயதுப் பிள்ளைகள் தாயோடு கோபிப்பது ஊரிலும் உள்ளதுதானே என்று கேட்பீர்கள். உள்ளதுதான். ஆனால் ஊரில் எந்தத் தாயும் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிள்ளையைப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

நான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அன்று எனக்கு விடுமுறை. அதை மகளிடம் சொல்லவில்லை. அவள் ரியூசன் வகுப்பு ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் நடக்கிறது. எதிர்ப்பக்கம் கடைகளின் அஞ்சடித் தாழ்வாரத்தில் பெரிய தூண்கள் உண்டு. அதில் ஒன்றின் பின்னால் நின்றேன். அவள் வகுப்புக்குள் போவதையும் பார்த்தேன், வகுப்பு முடிந்து இறங்கி வருவதையும் பார்த்தேன். இடைப்பட்ட நேரத்திலும் அங்கேயேதான் நின்றேன். முதலில் கண்டது அவளுடைய தோழி சூ யின். "அது உன் அம்மாதானே? ஏன் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்?" என்று மலாயில் கேட்டாளாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள்.

"நீங்க என்ன போலிஸா மா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்டும் இல்லை. சும்மா பாக்க வந்தனான்."

"சும்மா பாக்க வந்தா ஏன் ஒளிஞ்சு நிக்கிறீங்க?"

நல்ல கேள்விதான். அறைக்கதவு சாத்தப்பட்டது. என் கணவர் நிபோங் திபால் எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளை, அதிகம் பேசாத மனிதர். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே, "அவ உன்கிட்ட எதையும் மறைக்கல. நீதான் மறைக்கிற," என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னமே சொல்லிவிட்டேன். மகளுக்குத்தான் சொல்லவில்லை.

2

நான் பினாங்குக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட காலத்தில், என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரியூசனுக்குப் போகும் வழியில். சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு ஏறச் சொன்னார்கள். பூட்டவா வேண்டாமா என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. தலைமயிரைக் கத்தரித்தார்கள், பெயரை மாற்றினார்கள், கையில் ஆயுதத்தைத் தந்தார்கள். சண்டை முடிந்தபோது எனக்குப் பதினாறு. பிறகு முட்கம்பி போட்ட முகாம். அங்கிருந்து வெளியே வந்ததும் அம்மாவும் பினாங்கில் இருந்த சித்தியும் சேர்ந்து ஏதோ ஒரு கல்லூரியின் பெயரில் மாணவர் விசா எடுத்து என்னை இங்கே அனுப்பிவைத்தார்கள்.

சித்தி முன்னமே மலேசியத் தமிழர் ஒருவரைக் கட்டி இங்கே வந்துவிட்டவர். விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது, "நாங்கள் இருக்கிற இடத்துக்குப் பேர் பாடாங் தெம்பாக்," என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "துப்பாக்கி சுடுற திடல்," என்றார். சித்தி அவரை முறைத்த முறைப்பில் கார் ஒருமுறை ஆடியது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே சுட்டுப் பழகினார்களாம். இப்போது வானம் முட்டும் அடுக்குமாடிகள்தான். ஒவ்வொரு தாழ்வாரத்திலும் வரிசையாகக் கதவுகளும் காயப்போட்ட துணிகளும். உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, என்னை ஆற்றித் தேற்ற வீட்டார் கண்டுபிடித்த இடம் இது.

சித்தி முதல்நாளே சொல்லிவிட்டார். "நீ பள்ளிக்கூடம் போன பிள்ளை. வேற ஒண்டும் இல்லை. ஆர் கேட்டாலும் இதுதான் கதை. வாய் திறந்தியோ, விசா போகும், உன்னைத் திருப்பி அனுப்புவாங்கள். எங்களையும் விடமாட்டாங்கள்."

இன்றுவரை அதுதான் கதை. இப்போது என்னிடம் இருப்பது மனைவி விசா. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கணவர் வேலைக்கு லீவு போட்டு, குடிநுழைவு அலுவலகத்துக்கு என்னோடு வந்து, "ஆமாம், இவள் என் மனைவிதான்," என்று சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு அதிகாரிப் பெண் மலாயில் சினேகமாகக் கேட்டார், இங்கே வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றேன். இயக்கத்தில் எங்கள் முகாம் இருந்தது கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூட வளவில். ஆகவே அது முழுப்பொய்யும் அல்ல.

3

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சண்டையிலிருந்து வந்த பிள்ளைக்குக் கெட்ட கனவுதான் பெரிய பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கனவு வந்தது, உண்மை. ஆனால் கனவு வராத பகல்பொழுதை என்ன செய்வது என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய கரைச்சல். விடிய எழும்பிப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று சுவரோடு நிற்பேன். குளிக்கப் போகவும் சித்தியிடம் கேட்பேன். சாப்பாட்டை மற்றவர்கள் பிசையத் தொடங்குமுன் முடித்துவிடுவேன். "பிள்ளை, ஆறுதலா இரு," என்பார் சித்தி. ஆறுதலாக இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

அதைத் தந்தவள் கோமளா. அதே தாழ்வாரத்தில் மூன்று கதவு தள்ளி இருந்தவள். எனக்கு ஒத்த வயது, ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் அம்மாவின் நம்பிக்கை. கால்நகத்துக்கு ஊதாநிறம் பூசுவது, சீரியல் பார்ப்பது, அம்மாவிடம் பொய் சொல்வது, இவைதான் அவளுக்கு முழுநேர வேலை. என்னைக் கண்ட அன்றே கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

நான் அவளை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டேன். "என்னா நீங்க நாங்கன்னு? நான் என்ன உன் டீச்சரா?" என்பாள். ஒருநாள், "எங்கம்மா உன்கிட்ட பேசணுமாம், வா," என்றாள். எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. என்ன பிழை செய்தேனோ என்று யோசித்துக்கொண்டு, அவள் அம்மா முன்னால் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். அந்த மனுஷி எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் தந்தார். கோமளா தரையில் விழுந்து சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு வெட்கமாக இருக்காது. அதுதான் அவளிடம் இருந்த அருமையான குணம்.

4

கோமளாவுக்கு அப்போது தினேஷ் என்று ஒருவன் இருந்தான். மோட்டர்சைக்கிளும் நிறைய ஹேர்ஜெல்லும் வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவள் என்னைக் கீழே பஸ் தரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ இங்கயே நில்லு. எங்கம்மா பாசாருக்குப் போயிருக்காங்க, இந்த பஸ்லதான் வருவாங்க. வந்தாங்கன்னா ஓடி வந்து சொல்லு. நாங்க பின்னால சாப்பாட்டுக் கடையிலதான் இருப்போம். ஓகேவா?"

"ஓம். எவ்வளவு நேரம் நிக்கவேணும்?"

"நான் வந்து சொல்ற வரைக்கும்லா."

அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பினாங்குக்கு வந்து முதல்முறையாக எனக்குத் தெரிந்த வேலை ஒன்றை ஒருவர் தந்திருந்தார். இயக்கத்தில் காவலுக்கு நிற்பதைச் சென்றி என்போம். நான் அங்கே அதிகம் செய்தது அதைத்தான். தூணை முதுகுக்கு வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தெருவும் மாடிப்படியும் தெரிகிற மாதிரி இடம் எடுத்தேன். வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தேன்.

கோமளாவின் அம்மா வரவில்லை. அவர் யாரோ தெரிந்தவரின் காரில் மற்றப்பக்க வாசலால் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். கோமளாவும் தினேஷும் சாப்பாட்டுக் கடையில் இல்லை. மோட்டர்சைக்கிளில் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். பிறகு அவள் மற்றப் படிக்கட்டால் ஏறி வீட்டுக்குப் போய், குளித்து, சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சுத்தமாக மறந்துபோனாள். பதினேழு வயதில் அது பெரிய குற்றமும் இல்லை.

மழை வந்தது. பினாங்கு மழைக்குச் சாரல், தூறல் என்ற நாகரிகமெல்லாம் கிடையாது, எடுத்தவுடனே கொட்டும். தரிப்பின் கூரை சின்னது. பக்கத்தில் இருந்த பழக்கடைச் சீனக் கிழவர் தன் தார்ப்பாயின் கீழ் வரச்சொல்லிக் கை காட்டினார். அங்கே போனால் மாடிப்படி தெரியாது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் கொஞ்சநேரம் என்னையே பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு கோமளா ரொட்டி சானாய் வாங்கக் குடையோடு இறங்கி வந்தாள்.

"ஏய், நீ இன்னும் இங்கயா நிக்கிற?"

"மாத்த ஆள் வரேல்லையே."

"என்னா மாத்த?"

சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நான் நனைந்தபடி தூணைவிட்டு அசையாமல் நிற்பதைக் கண்டிருக்கவேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள். என்ன நினைத்துச் சொன்னாளோ தெரியாது, மெதுவாக, "சரி. நான் வந்துட்டேன். நீ போ," என்றாள்.

அந்தச் சொல்லுக்குத்தான் என் கால்கள் காத்திருந்தன. நடந்தேன். படிக்கட்டில் திரும்பிப் பார்த்தபோது அவள் நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், ரொட்டி வாங்கப் போகாமல்.

5

சில கிழமை கழித்து மாடிப்படியில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது அவளுக்குச் சொன்னேன். சித்தியின் எச்சரிக்கை தொண்டை வரை வந்தது. ஆனால் சொல்லாவிட்டால் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள் என்று சொல்வதற்கே அர்த்தம் இல்லை என்று தோன்றியது.

சென்றியில் நிற்பவர் மாத்த ஆள் வராமல் இடத்தை விட்டு அசையக்கூடாது. அசைந்தால் தண்டனை உண்டு. ஆனால் அன்று நான் மழையில் நின்றது தண்டனைக்குப் பயந்து அல்ல. ஒருநாள் மத்தியானம் என்னை மாத்த வரவேண்டியவள் வசந்தி. என்னைவிட ஒரு வயது இளையவள். நேரம் தாண்டியும் வரவில்லை. நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்து மனதுக்குள் ஏசிக்கொண்டு நின்றேன். அவளும் மற்றப் பிள்ளைகளும் படுத்திருந்த பதுங்குகுழியில் ஷெல் விழுந்திருந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்று எத்தனையோ சத்தங்கள், அதில் அது ஒன்று. நான் இடத்தைவிட்டு அசையாததால் இருக்கிறேன். அவள் நேரத்துக்குப் புறப்பட்டு வந்திருந்தால் அவளும் இருந்திருப்பாள். இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தால் போட்டாலும் எனக்குச் சரிவருவதில்லை.

கோமளா ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழிய இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ உனக்குத் துப்பாக்கி சுடத் தெரியுமா?" என்றாள்.

"ஓம்."

"எனக்கு மெத்ஸ்கூடத் தெரியாதுலா."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த மழைக்கதையை மட்டும் ஊரெல்லாம் பகிடியாகச் சொல்லித் திரிந்தாள். "இவளை நிக்கச் சொன்னா நின்னுக்கிட்டே இருப்பா." என் கல்யாணத்திலும் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு நல்ல திரையாக இருந்தது. என் மகளும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துத்தான் வளர்ந்தாள்.

6

கோமளா இப்போது சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறாள், ஒரு கிளினிக்கில் வேலை. தினேஷைக் கட்டவில்லை, நல்லகாலம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் கடந்து எங்களைப் பார்க்க வருவாள். நாங்கள் இன்னமும் பாடாங் தெம்பாக்கில்தான், வேறு புளோக். அந்த ஞாயிறு வந்தவள் வீட்டின் மௌனத்தைக் கண்டாள். காரணம் கேட்டாள். தேவிஷா அறைக்குள்ளிருந்தே, "அம்மாவையே கேளுங்க ஆன்ட்டி," என்றாள்.

கோமளா அவளை வெளியே இழுத்து வந்து சோற்றுக்கு முன்னால் இருத்தினாள். இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "உங்கம்மா அப்பவே அப்படித்தான் தேவி. ஒருநாள் மழையில..." என்று தொடங்கிவிட்டாள். கதையில் சீனக் கிழவர் வந்தார், ரொட்டி சானாய் வந்தது. வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏன் மா போகல?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கணவர் கோழிக்குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பயந்தேன். விசாவுக்குப் பயந்தது பழைய பயம். இது வேறு. சொன்னால் என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்துவிடுவாளோ, இந்தக் கையால் சோறு போட்டால் தின்னுவாளோ என்ற பயம். சொல்லாவிட்டால் அந்தக் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படும் என்பதும் தெரிந்தது. இரண்டையும் நிறுத்துப் பார்க்க நேரமில்லை. சொன்னேன். சைக்கிளைச் சாத்திவிட்டு ஏறியதிலிருந்து வசந்தி வராதது வரைக்கும். அழவில்லை. குரல் மட்டும் யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது.

"டியூஷன் போற வழியிலயா?"

"ஓம்."

"அதுக்குத்தான் அந்தத் தூணா?"

"ஓம். இஞ்ச ஒருத்தரும் பிடிக்கமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கால் அங்க போகுது."

அவள் சோற்றில் விரலால் கோடு போட்டாள். "நீங்க யாரையாவது சுட்டீங்களா?"

கேட்பாள் என்று தெரியும். "தெரியாது பிள்ளை. சுடச் சொன்னா சுட்டனாங்கள். ஆருக்குப் பட்டது எண்டு தெரியாது. அது தெரியாமலேதான் இவ்வளவு காலமும் இருக்கிறன்."

தேவிஷா எழுந்து கை கழுவினாள். அறைக்குள் போனாள். கதவு சாத்தப்படவும் இல்லை, திறந்தும் இல்லை. ஒரு சாண் இடைவெளியில் நின்றது. கோமளா என் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அன்று அவள் பகிடி ஒன்றும் விடவில்லை.

7

அந்தக் கிழமை முழுவதும் மகள் என்னோடு சாதாரணமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. நான் தேங்காய் திருவும்போது பார்ப்பாள். துணி மடிக்கும்போது பார்ப்பாள். நான் திரும்பினால் போனைப் பார்ப்பாள். புது ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்திருப்பது போலத்தான் அவளுக்கு இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்து கேட்டாள். தீபாவளிக்கு வளையல் வாங்க சனிக்கிழமை சூ யின்னோடும் இன்னொரு தோழி ஹுமைராவோடும் லிட்டில் இந்தியாவுக்குப் பஸ்ஸில் போகவேண்டும், பெரியவர்கள் இல்லாமல்.

"போலாமா? நீங்க பின்னால வரக்கூடாது."

"வரமாட்டன்."

நான் வேலை செய்யும் தெருதான். ஆனாலும் அன்று நான் கடைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தேன். மீன் வெட்டினேன், குளியலறை தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். பின்னேரம் வானம் இருண்டது. அவள் குடை கொண்டுபோகவில்லை. பஸ் தரிப்பில் காத்திருப்பது பின்னால் போவது ஆகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதே தரிப்புத்தான். கூரையைப் பெரிதாக்கிவிட்டார்கள். பழக்கடை இருந்த இடத்தில் இப்போது ஐஸ் கச்சாங் விற்கும் கடை. என் முதுகு தன்பாட்டில் தூணைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. தெருவும் மாடிப்படியும் தெரிகிற அதே இடம். பஸ்கள் வந்தன, போயின.

அவர்கள் இறங்கினார்கள். மூன்று பேர் கையிலும் வளையல் பைகள், பெரிய சிரிப்பு. தேவிஷா என்னைக் கண்டாள். சிரிப்பு நின்றது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், ஒரு கிழமை பார்த்த முகம். முடிந்தது என்று நினைத்தேன். தோழிகளிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"இப்பத்தான்."

"பொய்."

அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்த தூணைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த குடையை மெதுவாக வாங்கினாள்.

"சரி மா. நான் வந்துட்டேன். நீங்க போங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முதுகைத் தூணிலிருந்து எடுத்தேன். "நீ?" என்றேன்.

"நாங்க ஐஸ் கச்சாங் சாப்ட்டு வரோம். நான் இங்கதானே இருக்கேன். போங்க மா, பிரெண்ட்ஸ் பாக்குறாங்க."

போனேன். சொன்னால் போவது எனக்குத் தெரியும். படிக்கட்டுவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதல்படியில் கால் வைத்தபோது முடியவில்லை, திரும்பினேன்.

என் மகள் நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. குடை கக்கத்தில். ஒரு கையில் போன், மற்றக் கையை சூ யின்னிடம் கொடுத்துப் புது வளையலை ஏற்றிக்கொண்டிருந்தாள். பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இதைவிட மோசமான சென்றியை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. படிக்கட்டில் இருந்துகொண்டு அழுதேன், சிரித்தேன், பிறகு வெட்டிய மீன் இன்னும் அடுப்பில் ஏறாத நினைவு வந்து மேலே ஏறிப்போனேன்.